கடைசியில் போடுகிற பூ

அன்புள்ள குமரேசனுக்கு,

மஞ்சு கொண்டுவந்து கொடுத்த காகிதம் பத்து நாளாகச் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு மூணாறு ஜீப்பில் கொடுத்தனுப்பு என்று நீ மூன்று தடவை போன் செய்துவிட்டாய். மூன்று தடவையும் கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொன்னேன். கண்ணாடி உடையவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் இந்த வட்டவடையில் என் வயதுப் பெண்களில் பெருவிரல் உருட்டாமல் கையெழுத்துப் போடுகிறவள் நான் ஒருத்திதான் என்று ரேஷன் கடையில் நின்று எத்தனை தடவை பெருமை பேசியிருப்பேன். அந்தக் கையெழுத்தைத்தான் இப்போது நீ கேட்கிறாய். போனில் சொன்னால் நடுவில் நீ ஏதாவது பேசுவாய், நான் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். இதை நான் ஒட்டி மூடவில்லை. நீ படித்ததும் மஞ்சுவிடம் கொடு. இதையே இன்னொரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் அதை நானே நின்று படிப்பேன்.

அன்றைக்கு மஞ்சு அந்தக் காகிதத்தில் இருந்த மலையாளத்தை வரிவரியாக எனக்குத் தமிழில் சொன்னாள். மேலே 'சத்தியவாங்மூலம்' என்று இருந்தது. "அது என்னது தாயி?" என்று கேட்டேன். "சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கறதுங்க அத்தை. மருந்தில்லாத நெலம்னு சர்ட்டிபிகேட் வாங்கறதுக்குங்க. இந்த நெலத்துல மூணு வருசமா கீடநாசினி எதுவும் அடிக்கலீன்னு நீங்க சொல்றீங்க. நெலம் உங்க பேர்லதானுங்களே இருக்குது" என்றாள். நான் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததைக் கண்டு, "கீடநாசினின்னா மருந்துதானுங்க அத்தை, வேற ஒண்ணுமில்லீங்க. உள்ளதத்தானே எழுதியிருக்குது, அதுக்கென்ன இத்தனை யோசனை?" என்று சிரித்துவிட்டுக் காப்பி போட எழுந்து போனாள். நல்ல பெண். எனக்கு மருமகளாக வந்து நான்கு வார்த்தை கடுமையாகப் பேசியதில்லை. அவளே இதை வாசித்தாள் என்பதால்தான் என்னால் அன்றைக்கு வாய் திறக்க முடியவில்லை.

அது உள்ளது இல்லை குமரேசா. நீ பீர்ப்பூ வைத்த நிலத்தில் மருந்து அடிக்கப்பட்டது. அடித்தது, ஊர் நினைக்கிற மாதிரி, நமக்குக் கீழ் நிலத்துத் தங்கராசு சித்தப்பா இல்லை, நான். அடுத்த மாதம் அவர் தன் நிலத்தை உன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு உடுமலையில் மகள் வீட்டுக்குப் போகப்போகிறார். அந்தப் பத்திரத்தில் நீ கைவைப்பதற்குள் இது உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

உன் அப்பா இறந்துபோன வருடத்திலிருந்து சொல்கிறேன். முட்டைக்கோசுக்கும் கேரட்டுக்கும் அவர் மருந்து அடித்ததைப் பார்த்துத்தான் நீ வளர்ந்தாய். டிரம்மில் ஊற்றி, கோல் எடுக்கச் சோம்பல்பட்டு, முழங்கை வரை கையை விட்டுக் கலக்குவார். செருப்பு இல்லாமல், வாயில் துண்டு கட்டாமல், பம்பை முதுகில் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாகப் போவார். சோற்றுத் தட்டைத் தொட்டால் தட்டிலும் அந்த வாடை. கடைசி இரண்டு வருடம் கை நடுங்கியது. தம்ளர் பிடிக்க முடியாது. டாக்டர் வேறு ஏதோ பெயர் சொன்னார். நீ அதை நம்பவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து தலை துவட்டாமல் வந்து நின்று, "யம்மா, இனி இந்த மண்ணுல ஒரு சொட்டு மருந்து விழக்கூடாது. இருக்குற பாட்டில் அத்தனையும் குழி தோண்டிப் புதைச்சிரு" என்றாய். நானும் புதைத்தேன். ஒரு பாட்டிலைத் தவிர. பாதி இருந்தது அது. அவருடைய பழைய பனியனில் சுற்றி, அவர் பம்போடு சேர்த்துத் தொழுவத்துக் கூரைக்கடியில் செருகி வைத்தேன். ஏன் என்று கேட்டால் அன்றைக்குச் சொல்லத் தெரியாது. அவர் கை பட்டது என்று ஒரு எண்ணம். பூச்சி விழுந்தால் வேறு வழி என்ன என்று இன்னொரு எண்ணம். இரண்டும் சேர்ந்தேதான் இருந்தன.

பிறகு நீ ஈரச் சாக்கில் சுற்றிய பீர்ப்பூக் கொடியின் கிழங்குகளை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்தாய். கஞ்சிக்கோட்டுப் பக்கம் நீ வேலை பார்க்கிற சின்னப் பீர் ஆலையில் வெளிநாட்டுப் பூவைத்தான் போடுகிறார்கள், மருந்தடிக்காத பூ கிடைப்பதே அரிது, நம் குளிருக்கு இது வரும் என்றாய். மலைச் சரிவில் அப்பா கேரட் போட்ட மேல் தட்டு நிலத்தில் கம்பம் நட்டு, மூன்று ஆள் உயரத்துக்குக் கயிறு கட்டி, கொடிக்குப் பகல் வெளிச்சம் போதாது என்று சாயங்காலம் எரிய பல்பும் போட்டாய். ஊரே சிரித்தது. கஞ்சாவா என்று கேட்டுக் காக்கிச்சட்டைக்காரர்கள் இரண்டு பேர் வந்து இலையைக் கசக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அதெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. பூவைப் பார்ப்பது எப்படி என்று நீ அடுப்படியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாய். பச்சையைப் பார்த்து மயங்காதே, விரலால் அமுக்கினால் காகிதம்போல் சத்தம் வர வேண்டும், பிரித்தால் உள்ளே மஞ்சள் தூள் இருக்க வேண்டும், உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர்ந்து பார், எலுமிச்சைத் தோல் மாதிரி வந்தால் பறி, நாள் தள்ளினால் வெங்காய வாடை வந்துவிடும் என்று. கசப்புக்குப் போடுகிற பூவை முதலிலேயே போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுவார்களாம். மணத்துக்குப் போடுகிற பூவைக் கொதி அடங்கி, ஆறி, புளிக்க வைத்த பிறகு கடைசியில்தான் போடுவார்களாம். "ரசத்தை இறக்கிவச்சப்புறம் கொத்தமல்லித் தழை போடுறியே, அது மாதிரிதாம்மா" என்றாய். அப்போது இன்னொன்றும் சொன்னாய். கடைசியில் போடுவதால் அது கொதியில் வேகாது, பூவின் மேல் என்ன இருக்கிறதோ அது அப்படியே பீரில் இறங்கும், அதனால்தான் மருந்தில்லாத பூ வேண்டும் என்று. அதை நன்றாகக் கேட்டுக்கொண்டவள் நான். தெரியாமல் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லாமல் அன்றைக்கே சொல்லிவிட்டாய்.

முதல் வருடப் பூ என்ன ஆயிற்று என்று உனக்கு நினைவிருக்கும். நிழலில், சூடு அதிகம் படாமல் காயவை என்று சொல்லிவிட்டுப் போனாய். நமக்குத் தெரிந்த நிழல் அடுப்புக்கு மேலே பூண்டு காய்கிற பரண்தானே. பூண்டுக் கட்டுகளுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் பூவைக் கொட்டி, தினமும் புகை காட்டினேன். நீ வந்து பையைப் பிரித்து மூக்கை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாய். "யம்மா, இது பீருக்கா ரசத்துக்கா?" என்றாய். நான் அழப்போனதும், "விடும்மா, இத ஊத்திச் சோறு பெசஞ்சிருவோம்" என்று சிரித்தாய். அத்தனையும் குப்பைக் குழிக்குப் போயிற்று. ஒரு சுடுசொல் சொல்லவில்லை நீ. அந்தத் தப்பைச் சொல்லி ஊரே சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். பாயை விரித்தது நான் என்று எல்லோரும் பார்த்திருந்தார்கள், ஒளிக்க ஒன்றும் இல்லை. அடுத்த வருடம் நான் செய்ததை யாரும் பார்க்கவில்லை.

இரண்டாம் வருடம் கொடி நன்றாக ஏறியது. மாசியில் மழை ஒரு சொட்டு இல்லை. செம்பேன் விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத சிவப்புப் பேன், இலையைத் திருப்பினால் நூலாம்படை. சோப்புத் தண்ணீர், வேப்பெண்ணெய், சாம்பல் எல்லாம் அடித்தேன். கீழ் இலையெல்லாம் செம்புப் பாத்திரம் மாதிரி ஆகிவிட்டது. மேலே அப்போதுதான் பூ மொட்டு விடுகிறது. உன் முதலாளியிடம் இந்தத் தடவை கட்டாயம் பூ வரும் என்று நீ வாக்குக் கொடுத்திருந்தாய். நான் பாதி ஊரிடம் சொல்லி வைத்திருந்தேன். குழாயடியில் ஒருத்தி, "என்ன மதினி, இந்த வருசமும் ரசந்தானா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். தங்கராசு பெண்டாட்டி பேச்சி மட்டும் சிரிக்கவில்லை. "எங்கக்கா பூ பீருக்குத்தான் போகும், நீ ஓன் கொடத்தப் பாரு" என்று அவளை அடக்கினாள். அன்று மத்தியானம் எல்லோரும் பூண்டு பிடுங்கப் போயிருந்த நேரத்தில் கூரைக்கடியில் கையை விட்டேன்.

ஓரத்து இரண்டு வரிசைக்கு மட்டும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். பம்பு தோளில் ஏறியதும் கால் தானாக நடந்தது. எல்லா வரிசையும் முடித்துவிட்டு ஓடையில் பம்பைக் கழுவினேன், தலைக்கு ஊற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் பேன் ஒன்றுகூட இல்லை. நீ போன் செய்தபோது, "சாம்பலும் வேப்பெண்ணெயும் கேட்டுக்கிச்சுப்பா" என்றேன். உனக்கு எவ்வளவு சந்தோசம். எங்கம்மா கைப்பக்குவம் என்று ஆலையில் எல்லோரிடமும் சொன்னாயாம். பங்குனியில் பூவைப் பறித்து, புகை படாத அறையில் காயவைத்து, காற்றுப் புகாமல் கட்டிக் கொடுத்தேன். நீ உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தாய். உன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். நானும் முகர்ந்தேன் குமரேசா. அத்தனை நன்றாக இருந்தது. பூண்டுப் புகையைக் கண்டுபிடித்த உன் மூக்குக்கு இது தெரியவில்லை. தெரிந்துவிடும் என்று பயந்து நின்றேன். தெரியவில்லை என்றதும் அது நடக்கவே இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது எனக்கு.

பீர் காய்ச்சி, பூவைக் கடைசியில் போட்டு, விற்பதற்கு முன்னால் சோதனைக்கு அனுப்பினீர்கள். மருந்து இருக்கிறது என்று வந்தது. தொட்டி முழுவதையும் சாக்கடையில் திறந்துவிட்டார்கள். நீ அந்தக் காகிதத்தோடு நேரே மலையேறி வந்தாய். வந்ததும் என்னைத்தான் பார்த்தாய். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. நானாக இருக்கும் என்று உனக்குத் தோன்றவே இல்லை. கீழ்த் தட்டில் தங்கராசு முட்டைக்கோசு பச்சைப் பசேல் என்று நின்றது. அதைப் பார்த்தாய். "காத்துல ஏறி வந்திருக்கும்மா" என்றாய். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். இருக்கும்ப்பா என்று சொன்னேன்.

ஊர்க்கூட்டத்தில் நீ பேசியதை இப்போது உனக்கு ஞாபகப்படுத்துகிறேன், மறந்திருந்தால். "சித்தப்பா, நீங்க அடிச்ச மருந்து எங்க கொடியில விழுந்திருக்கு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் பேசாமப் போயிருதேன்" என்றாய். அவர் எழுந்து, "எலேய், ஒங்கப்பனத் தோள்ல சொமந்தவன்டா நான். நீ கொடி வச்சதுலருந்து காத்தடிக்கிற அன்னிக்கு நான் பம்பத் தொட்டதே இல்ல" என்றார். "அப்ப பூவுக்கு அது எங்கருந்து வந்துச்சு, வானத்துலருந்தா?" என்றாய். சத்தியம் செய்கிறேன் என்று அவர்தான் சொன்னார். அம்மன் முன்னால் தட்டில் கற்பூரம் எரிந்தது. அதை உள்ளங்கையால் அமுக்கி அணைத்தார். பெண்கள் பக்கம் நின்றுகொண்டிருந்த நான் என் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

சத்தியம் செய்தவனை அதற்குமேல் யாரும் கேட்கக் கூடாது என்பது நம் ஊர்க் கட்டு. யாரும் கேட்கவில்லை. ஆனால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய்யாக அணைத்திருந்தால் அடுத்த மழைக்குள் அவன் வீட்டில் தெரியும் என்று. ஆனி மழையில் அவர் பசு தட்டிலிருந்து சறுக்கி விழுந்து செத்தது. ஆடியில் பேச்சிக்குக் காய்ச்சல். ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். டாப் ஸ்டேஷன் தாண்டி ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. ஜீப்பிலேயே போய்விட்டாள். குழாயடியில், "கற்பூரம் சும்மா விடுமா?" என்று பேசிக்கொண்டார்கள். எனக்காகப் பரிந்து பேசியவளைத்தான் சொன்னார்கள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் அதோடு மருந்து அடிப்பதை நிறுத்தினார். அதற்கடுத்த வருடம் நம் பூ சுத்தமாக வந்தது. நான் அடிக்கவில்லை, அதனால் சுத்தமாக வந்தது. ஊர் அதை வேறுமாதிரிக் கணக்குப் பண்ணியது. அவன் நிறுத்தினான், பூ சுத்தமாயிற்று, இதைவிடச் சாட்சி வேண்டுமா என்றது. நீயும் அப்படித்தான் நினைத்தாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் இதைக் கேள். ஒருநாள் அவர் நம் வாசலில் வந்து நின்று, "மதினி, ஒண்ணு கேக்கேன். நான் அடிச்ச அன்னிக்குக் காத்து இருந்திருக்குமோ? எனக்குத்தான் ஞாபகம் தப்பியிருக்குமோ?" என்று கேட்டார். கற்பூரத்தை அணைத்த மனிதர், தன்மேலேயே சந்தேகப்பட்டு என்னிடம் வந்து கேட்டார். "முடிஞ்சது விடுங்க கொழுந்தனாரே" என்று சொன்னேன். மருந்து அடித்ததைக்கூட மன்னிக்கச் சொல்லி உன்னிடம் கேட்பேன். இந்த ஒரு வார்த்தைக்குக் கேட்க மாட்டேன்.

இன்று காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். ஊருக்குப் படிப்பதற்கு முன்னால் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று பட்டது. பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். "வாங்க மதினி, குமரேசன் எப்ப வாரான்? அவன் கையில மண்ணு சுத்தமா இருக்கும்" என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், பனியன், மத்தியானம், எல்லாம். அவர் கையிலிருந்த கயிற்றை விடவில்லை. "அப்ப காத்து வரல" என்றார். இல்லை என்றேன். "ஜீப்புல கெடந்து பேச்சி கேட்டா மதினி. 'நான் போறதுக்குள்ள நெசத்தச் சொல்லு, காத்தடிச்ச அன்னிக்கு அடிச்சியா'ன்னு கேட்டா. தெரியலடின்னு சொன்னேன். எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். சாக்கை அவிழ்க்கவும் இல்லை, கட்டவும் இல்லை. நான் வரும்போது அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இனியும் உனக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். இருந்தாலும் தாய். அவர் நிலத்தை வாங்காதே. முதலில் மலையேறி வா. என்னைப் பார்க்க வேண்டாம், நேரே அவர் வாசலுக்குப் போ. கூட்டத்தில் எத்தனை பேர் முன்னால் அவரைக் கேட்டாயோ அத்தனை பேர் முன்னால் அவர் காலில் விழு. உன் முதலாளியிடம் உள்ளதைச் சொல்லிவிடு. நம் நிலத்துக்கு மூன்று வருடக் கணக்கை மறுபடியும் எண்ணச் சொல். வேலை போனால் போகட்டும். அப்பாவுக்காக நீ போட்ட சபதம் உன் தாயாலேயே கெட்டது என்று மஞ்சுவிடம் சொல்லத் தயங்காதே. பேத்தி பெரியவளானதும் அவளுக்கும் இதைப் படித்துக் காட்டு. நான் ரொம்ப நல்லவள் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி கொஞ்ச நாளைக்கு நீ வெளியில்தான் பூ வாங்க வேண்டியிருக்கும். நீ எனக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் சரி, அதில் ஒன்று குறைகிறது. தேய்த்துப் பார், முகர்ந்து பார், காகிதச் சத்தம் கேட்கிறதா பார். மணம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதோடு திரும்பி வராதே. மணம் ஒன்றையும் சொல்லாது. வளர்த்தவர்களின் தொழுவத்துக்குப் போ. கூரைக்கடியில் கையை விட்டுத் தடவிப் பார். வேண்டியவர்கள் வீடு, கேட்கக் கூச்சம் என்று விட்டுவிடாதே. பெற்றவளாக இருந்தாலும் தடவிப் பார்.

அந்தப் பாட்டிலும் பம்பும் இப்போது நடுவாசலில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அவற்றையும் எடுத்துக்கொண்டு போவேன். நீ அனுப்பிய சத்தியவாங்மூலத்தை இதற்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன். அதில் கையெழுத்து இல்லை. என் கையெழுத்து இதற்குக் கீழே இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா